விளம்பரத்தில் 145, கையில் எவ்வளவு? லாரி ஓட்டுநர் சம்பளம் பற்றி ஒரு கேள்வி

#1 புதுச்சக்கரம்

வணக்கம். கனரக வாகன உரிமம் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இதுவரை சிறிய சரக்கு வண்டிதான் ஓட்டினேன். இப்போது மூன்று இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். நிறுவனப் பெயரையும் தொகையையும் பொதுவில் எழுத விருப்பமில்லை. இரண்டாம் நிறுவனத்தின் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

முதல் நிறுவனம் தொலைதூர ஓட்டம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. விளம்பரத்தில் "மாதம் 145 வரை" என்று போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, கிடங்கிலிருந்து நகருக்குள் சரக்குக் கொண்டுபோகும் வேலை. நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 26 நாள், நிலையான 100. நேரம் கூடினால் தனிக் காசு.

மூன்றாவது இடத்தில் "நீங்களே முதலாளி" என்கிறார்கள். வண்டியை அவர்கள் தருவார்கள், எனக்கு வரும் சரக்கு வாடகையில் தவணையைப் பிடித்துக்கொள்வார்கள், தவணை முடிந்ததும் வண்டி என் பெயருக்கு வரும். மாதம் 220 வரை பார்க்கலாமாம்.

145-க்கும் 100-க்கும் நடுவே யோசிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

#2 முன்விளக்கு

யோசிக்க ஒன்றுமில்லை தம்பி. முதல் நிறுவனத்துக்குப் போங்கள். ஓடினால் காசு, ஓடாவிட்டால் இல்லை. இந்த வயதில் ஓடாமல் வேறு எந்த வயதில் ஓடுவது? நான் எட்டு ஆண்டுகளாகக் கிலோமீட்டர் கணக்கில்தான் ஓட்டுகிறேன். குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

#3 ஆறுகியர்

"வரை" என்ற சொல்லைக் கவனித்தீர்களா தம்பி? மாதம் 145 வரை. இரண்டே எழுத்து. நான் 26 ஆண்டு ஓட்டியும் அந்த இரண்டெழுத்தைத் தொட்டது நாலைந்து மாதம்தான்.

ஒரு நாளைச் சொல்கிறேன். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் காலை 6 மணிக்கு இறக்க வேண்டிய சரக்கு. நான் 5.40-க்கே வாயிலில் நிற்கிறேன். சீட்டு எண் கொடுத்து ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். சரக்கு இறக்கும் மேடைக்குக் கூப்பிட்டது பகல் 1.15-க்கு. இறக்கி முடித்துக் காகிதத்தில் முத்திரை விழும்போது மாலை 4.30. குளிர்பதன இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்ததால் கண்ணை மூடவும் முடியவில்லை. அன்று என் வண்டி நகர்ந்தது வாயிலிலிருந்து மேடை வரை, மிஞ்சினால் 200 மீட்டர். அந்த நாளுக்கான என் சம்பளமும் அந்த 200 மீட்டருக்குத்தான்.

மேடைக்காரருக்கு அவசரம் இல்லை, ஏனென்றால் என் நேரத்துக்கு அவர் காசு கொடுக்கவில்லை. என் முதலாளிக்கும் அவசரம் இல்லை, அதே காரணம்தான். நேரம் யார் கையிலிருந்து போகிறதோ அவன் ஒருவனுக்குத்தான் அவசரம்.

ஆகவே கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தெந்த மணி நேரத்துக்குக் காசு கிடையாது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள்.

#4 கணக்குப்புள்ளி

நான் ஓட்டுநர் இல்லை. ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் 11 ஆண்டுகள் சம்பளக் கணக்கு எழுதியவன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முதலாவது, எந்தக் கிலோமீட்டர்? வண்டியின் மீட்டர் காட்டுவது ஒன்று. அலுவலகத்தில் இருக்கும் தொலைவு அட்டவணை சொல்வது இன்னொன்று. அட்டவணை பெரும்பாலும் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியைச் சொல்லும். அந்த வழியில் பாரம் தாங்காத பாலம் இருக்கும், உயரத் தடை இருக்கும், பகலில் லாரிக்கு அனுமதி இருக்காது. நீங்கள் சுற்றித்தான் போவீர்கள். சுற்றிய தூரம் உங்கள் கணக்கில் வராது. நான் எழுதிய சம்பளச் சீட்டுகளில் மீட்டருக்கும் அட்டவணைக்கும் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை வித்தியாசம் இருந்தது. தனித்தனி டிரிப்பில் அது கண்ணில் படாது, ஆண்டுக் கணக்கில் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இரண்டாவது, காலி ஓட்டம். சரக்கை இறக்கிவிட்டு அடுத்த லோடு ஏற்ற வெறும் வண்டியை ஓட்டிப்போகும் தூரத்துக்குச் சில இடங்களில் முழு விகிதம், சில இடங்களில் பாதி, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. விளம்பரத்தில் இது இருக்காது.

மூன்றாவது, 145 என்பது எத்தனை கிலோமீட்டருக்கு? அதை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். கூடவே கடந்த ஆறு மாதத்தில் அவர்களுடைய ஓட்டுநர்கள் சராசரியாக ஓட்டிய தூரத்தையும் கேளுங்கள். "அதிகபட்சம்" என்று பதில் வந்தால் "சராசரி" என்று மறுபடி கேளுங்கள்.

சராசரியைவிட இடைநிலை மதிப்பு இன்னும் நல்லது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் கனரக லாரி ஓட்டுநர்களுக்குச் சொல்லும் ஆண்டு வருமானம் அப்படிப்பட்டதுதான்: 2024 மே மாதக் கணக்கில் 57,440 டாலர். அதாவது பாதிப் பேர் அதற்குக் கீழே. இதைவிட மிகப் பெரிய எண் எந்த விளம்பரத்திலாவது இருந்தால், அது வரிசையின் முன்னால் நிற்கும் ஒருவருடைய எண்.

#5 புதுச்சக்கரம்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. வியாழக்கிழமை முதல் இரண்டு நிறுவனங்களுக்கும் போகிறேன். கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அட்டவணை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

#6 முன்விளக்கு

பையனைப் பயமுறுத்துகிறீர்கள். காத்திருப்பு எந்தத் தொழிலில் இல்லை? மேடைக்காரரிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேசினால் வரிசை தானாக நகரும். இரவு லோடு எடுத்தால் நெரிசல் கிடையாது. புலம்புகிறவர்கள் வண்டிக்குள் தூங்கிவிட்டு எழுந்து புலம்புகிறார்கள். போன மாதம் என்னோடு ஓட்டும் ஒருவரைவிட நான் மூன்றில் ஒரு பங்கு அதிகம் வாங்கினேன். விகிதம் இருவருக்கும் ஒன்றுதான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#7 சட்டத்தாள்

முன்விளக்கு அவர்களின் கேள்வி நல்ல கேள்வி. ஒரே விகிதத்தில் ஒருவர் மூன்றில் ஒரு பங்கு அதிகம் வாங்குகிறார் என்றால், அவர் வேகமாக ஓட்டியிருக்க வேண்டும், அல்லது ஓய்வைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது நல்ல லோடு அவருக்கு வந்திருக்க வேண்டும். முதல் இரண்டைப் பார்த்துப் பயந்துதான் ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டின் 561-ஆம் எண் ஒழுங்குமுறையில் ஒரு விதி வைத்தது. ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கின் அளவையோ வைத்து ஓட்டுநருக்குக் காசு கொடுப்பது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் இருந்தால் அது கூடாது என்கிறது பத்தாவது பிரிவு. ஊக்கத்தொகை என்று பெயர் மாற்றினாலும் கூடாது. அதே ஒழுங்குமுறையில் நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டத்தில் வந்தது. மாநிலங்களுக்கிடையே ஓடும் லாரி ஓட்டுநர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விலக்கு நிற்கிறது. கிலோமீட்டர் கணக்கு, அவர்களுக்கு மைல் கணக்கு, அங்கே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவாக இருக்கும் நிறுவனத்தை அது எட்டவில்லை. ஒன்றிரண்டு லாரி வைத்திருந்த முதலாளியிடம் ஓட்டியவருக்கு அந்தச் சட்டம் சுவரில் மாட்டிய படமாகத்தான் இருந்தது.

ஜப்பானைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் லாரி ஓட்டுநரின் கூடுதல் நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என்று உச்சவரம்பு வந்தது. ஓய்வு கிடைக்கிறதே என்று எல்லோரும் மகிழவில்லை. கூடுதல் நேரக் காசை நம்பியே குடும்பம் நடத்தியவர்கள், அடிப்படைச் சம்பளம் உயராமல் நேரம் மட்டும் குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நேரத்தைக் குறைத்த சட்டம் அவர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்த சட்டமாகவும் தெரிந்தது.

#8 முன்விளக்கு

ஐயா, இதைப் படித்து முடிப்பதற்குள் நான் 80 கிலோமீட்டர் ஓடியிருப்பேன்.

#9 ஆறுகியர்

படிக்காமல் ஓடியதால்தான் எனக்கு 26 ஆண்டு பிடித்தது.

முன்விளக்கு, உங்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரவு லோடு நல்ல யோசனைதான். ஆனால் காத்திருப்பு எல்லாத் தொழிலிலும் இருப்பது போன்றது அல்ல இங்கே. ஓட்டும் நேரத்துக்குச் சட்ட வரம்பு இருக்கும் இடங்களில் அது இரண்டு முறை வெட்டும். அமெரிக்க விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். அந்த 14 ஓடத் தொடங்கினால் மேடையில் காத்திருந்தாலும் பொதுவாக நிற்காது. ஏழு மணி நேரம் மேடையில் போனால் மிச்சம் ஏழுதான். காத்திருந்ததற்கும் காசில்லை, ஓட்டியிருக்கக்கூடிய நேரமும் போயிற்று. 2017 டிசம்பரில் மின்னணுப் பதிவுக் கருவி அங்கே கட்டாயமானது. அதற்கு முன் காகிதப் பதிவேட்டில் காத்திருந்த நேரத்தை "ஓய்வு" என்று எழுதிவிட்டு ஓட்டியவர்கள் இருந்தார்கள். கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-இல் இதைக் கணக்குப் போட்டது. ஏற்றி இறக்கும் இடத்தில் தங்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கப்படும் விபத்து விகிதம் 6.2 விழுக்காடு கூடுகிறதாம். ஓட்டுநர்கள் ஆண்டுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழக்கிறார்களாம். இழந்த நேரத்தைப் பிடிக்க ஓட்டும்போது கால் தானாக அழுந்தும். எனக்கும் அழுந்தியிருக்கிறது. ஒருமுறை முன்னால் போன வண்டியின் பின் கம்பியிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றேன். அன்றைக்கு மிச்சம் பிடித்தது 40 நிமிடம்.

#10 தவணைமுடியாதவன்

மூன்றாவது வாய்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன், அனுபவம் எனக்கு இருக்கிறது.

எனக்கும் "நீங்களே முதலாளி" என்றுதான் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட நாளில் புகைப்படம் எடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். முதல் வாரச் சீட்டு வந்தது. மேலே பெரிய எண், என் வாழ்நாளில் பார்க்காத எண். கீழே கழிவுகள். தவணை, காப்பீடு, இழுவைப் பெட்டிக்கு வாடகை, டயருக்கும் பழுதுக்கும் பராமரிப்பு வைப்பு, டீசல், சுங்கம், கருவிக்கு மாதக் கட்டணம், சீட்டு அச்சடித்ததற்கும் ஒரு கட்டணம். எல்லாம் போக மிச்சம் நின்றது ஒரு சாதாரண ஓட்டுநரின் கூலியைவிடக் குறைவு. முதல் வாரம்தானே என்று விட்டுவிட்டேன்.

முதலாளி என்றால் லோடை நான் தேர்ந்தெடுக்க வேண்டுமல்லவா? ஒப்பந்தப்படி அவர்கள் லோடை மட்டும்தான் ஏற்றலாம். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன், மூன்று நாள் தொலைபேசி ஒலிக்கவில்லை. அந்த மூன்று நாளும் தவணை நிற்கவில்லை.

பத்தொன்பதாம் மாதம் இன்ஜினின் டர்போ போயிற்று. பராமரிப்பு வைப்பில் இருந்த காசு பாதிச் செலவுக்குக்கூடக் காணவில்லை. பட்டறையில் வண்டி 16 நாள் நின்றது. தவணை மூன்று விடுபட்டால் வண்டியைத் திரும்ப எடுக்கலாம் என்று ஏழாவது பக்கத்தில் எழுதியிருந்ததாம். எடுத்துவிட்டார்கள். அதுவரை கட்டியது வாடகை என்று கணக்கானது.

இரண்டு மாதம் கழித்து எடைமேடை ஒன்றில் அதே வண்டியைப் பார்த்தேன். வேறொரு இளைஞர் ஓட்டிக்கொண்டிருந்தார். கதவில் என் மகள் ஒட்டிய நட்சத்திரத்தை அவர் உரிக்கவில்லை. அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது. அதனால் இங்கே சொல்கிறேன் தம்பி.

#11 சட்டத்தாள்

வருத்தமாக இருக்கிறது. இது உங்கள் தவறு மட்டும் அல்ல. இத்தகைய குத்தகைக் கொள்முதல் திட்டங்களை ஆராய அமெரிக்க அரசு ஒரு பணிக்குழு அமைத்தது. அந்தக் குழு 2025 ஜனவரியில், ஓட்டுநர் வேலை செய்யும் நிறுவனமே வண்டியையும் கொடுத்துத் தவணை பிடிக்கும் இந்த முறையைத் தடை செய்யவே பரிந்துரைத்தது. திருத்திச் சரிசெய்யலாம் என்ற அளவோடு அவர்கள் நிறுத்தவில்லை.

சொந்த வண்டி வாங்குவதே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. கடன் ஓரிடத்தில், லோடு வேறிடத்தில் இருந்தால் பேரம் பேச வழியுண்டு. இரண்டும் ஒரே கையில் இருந்தால் பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

#12 தொட்டிவண்டி

வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். நான் ரசாயனத் தொட்டி லாரி ஓட்டுகிறவள். ஒன்பதாம் ஆண்டு. சம்பளத்தைத் தீர்மானிப்பது தூரமா நேரமா என்று பேசுகிறீர்கள். எதை ஏற்றுகிறீர்கள் என்பதும் அதே அளவு தீர்மானிக்கும்.

பெட்டிச் சரக்கை யாரும் ஓட்டலாம், அதனால் யாரை வேண்டுமானாலும் மாற்றலாம். தொட்டியில் திரவம் பாதி நிறைந்திருந்தால் பிரேக் பிடித்த பிறகும் உள்ளே அலை அடித்து வண்டியை முன்னால் தள்ளும். உணவுத் திரவத் தொட்டிகள் பலவற்றில் அலையை அடக்கும் உள்தடுப்புகூட இருக்காது, கழுவச் சிரமம் என்பதால். குழாயை எந்த வரிசையில் இணைப்பது, நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் கம்பியை எப்போது மாட்டுவது, எது எதோடு கலந்தால் என்ன ஆகும், எல்லாம் தெரிய வேண்டும். ஆபத்துச் சரக்குக்குத் தனி உரிமம், தனிப் பயிற்சி. அப்படிப்பட்டவர் குறைவு. குறைவாக இருப்பதால் எங்கள் நிறுவனத்தில் ஏற்றும் நேரம், இறக்கும் நேரம், தொட்டி கழுவக் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் மணிக் கணக்கில் காசு. யாரும் கருணையால் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் நாங்கள் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவோம்.

அளவு மீறிய பெரிய இயந்திரம் ஏற்றுகிறவர்கள், கார் ஏற்றும் அடுக்கு வண்டிக்காரர்கள், இவர்களுக்கும் இதே கதைதான். ஆனால் இந்த வேலைகளில் புதியவரை எடுக்க மாட்டார்கள். எனக்கு இரண்டு ஆண்டு அனுபவம் கேட்டார்கள், விபத்தில்லாத இரண்டு ஆண்டு. தம்பி முதல் வேலையில் சம்பாதிப்பது காசு மட்டும் அல்ல, அந்தச் சுத்தமான பதிவேடும்தான். அவசரமாக ஓட்டி ஒரு கம்பத்தில் உரசினாலும் அந்தக் கதவு சில ஆண்டு மூடிவிடும்.

#13 பதிவுமேசை

லோடு பிரித்துக் கொடுக்கும் மேசையில் உட்காருகிறவன் நான். எல்லோரும் திட்டும் ஆள்.

முன்விளக்கு அவர்கள் ஏன் அதிகம் வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். தொலைபேசியை முதல் மணியிலேயே எடுப்பார், முடியாது என்று சொல்ல மாட்டார். அப்படிப்பட்டவருக்குத்தான் திரும்பும் லோடு உள்ள டிரிப்பைக் கொடுப்போம். எப்போதும் சண்டை போடுகிறவருக்கும் கொடுப்போம், வாயை அடைக்க. அமைதியாக இருக்கும் நடுவாள்தான் காலி வண்டியோடு திரும்புவார். இது நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் மேசைக்கு மேலேயும் ஒரு மேசை இருக்கிறது. சரக்குக்காரர் கொடுக்கும் வாடகை. 2021-இல் லாரி கிடைக்காமல் பல நாடுகள் தவித்தபோது பிரிட்டனில் ஓட்டுநருக்குச் சேர்வதற்கே ஊக்கத்தொகை கொடுத்துக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் உடனடி வாடகை, அதாவது நீண்ட ஒப்பந்தம் இல்லாமல் லோடுக்கு லோடு பேசும் வாடகை, எகிறியது. பலர் அந்த வாடகையை நம்பி வண்டி வாங்கினார்கள். அடுத்த ஆண்டே அது சரிந்தது, தவணை சரியவில்லை. அமெரிக்காவில் 1980-இல் வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு யார் வேண்டுமானாலும் லாரி நிறுவனம் தொடங்கலாம் என்றானது. போட்டி கூடியது, வாடகை இறங்கியது, விலைவாசியோடு ஒப்பிட்டால் ஓட்டுநரின் கூலியும் இறங்கியது.

தென்கொரியாவில் 2020 முதல் 2022 வரை கொள்கலன், சிமென்ட் வண்டிகளுக்குக் குறைந்தபட்ச வாடகையைச் சட்டத்தாலேயே வைத்துப் பார்த்தார்கள். அதை நீட்டிக்கச் சொல்லி 2022-இல் இரண்டு முறை வேலைநிறுத்தம் நடந்தது. சரக்குக்காரர் குறைவாகக் கொடுத்தால் ஓட்டுநர் அதிக நேரம் ஓட்டித்தான் ஈடுகட்டுவார் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

#14 பின்வாசல்

நான் ஓட்டுநரின் மனைவி. இரண்டே விஷயம்.

வெளியில் இருக்கும் நாளுக்கு ஒரு செலவு உண்டு. மூன்று வேளைச் சாப்பாடு, குளிக்க, வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்த. நிறுவனம் கொடுக்கும் பேட்டா அதற்குப் போதவில்லை என்றால் மிச்சம் சம்பளத்திலிருந்து போகும். வீட்டில் ஒரு செலவு, சாலையில் ஒரு செலவு, இரண்டு குடித்தனம்.

இரண்டாவது, பேசிய சம்பளமும் வந்த சம்பளமும் ஒன்றாக இருக்க வேண்டும். 2023-இல் ஜெர்மனியில் கிரேஃபன்ஹவுசன் என்ற சாலையோர ஓய்விடத்தில் ஜோர்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டு ஓட்டுநர்கள் லாரிகளை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கூடுதல் சம்பளம் கேட்கவில்லை, பேசிய சம்பளத்தைத்தான் கேட்டார்கள். அதைப் பெற வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. தம்பி சேரும் முன் அங்கே வேலை செய்கிறவரின் மனைவியையோ அம்மாவையோ கேட்டுப்பாருங்கள், எந்தத் தேதியில் காசு வருகிறது என்று. ஓட்டுநர்கள் பெருமைக்குப் பொய் சொல்வார்கள், நாங்கள் சொல்ல மாட்டோம்.

#15 புதுச்சக்கரம்

போய்விட்டு வந்தேன்.

முதல் நிறுவனத்தில் 145 என்பது 12,000 கிலோமீட்டருக்கு. சராசரி கேட்டேன், எழுத்தர் சிரித்தார். மறுபடி கேட்டேன். மீட்டர்படி 9,800. அட்டவணைப்படிதான் காசு, அது சுமார் 6 விழுக்காடு குறைவாக வரும் என்று ஒப்புக்கொண்டார். காலி ஓட்டத்துக்குப் பாதி விகிதம், மாதத்தில் 1,500 கிலோமீட்டர் அப்படிப் போகுமாம். மாதம் சுமார் 14 லோடு. பேட்டா உண்டு, போதாது என்று அங்கே நின்ற ஓட்டுநர் ஒருவர் கையைக் காட்டினார். மாதம் 10 அளவுக்குக் கையிலிருந்து போகுமாம்.

காத்திருப்புக்குக் காசு உண்டா என்று கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் உண்டு, அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றார். யாராவது வாங்குகிறார்களா என்று கேட்டேன். "நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்" என்றார்.

இரண்டாம் நிறுவனத்தில் சொன்னதுதான்: 208 மணி நேரம், 100. கூடுதல் நேரம் மாதத்துக்குப் பத்து, பன்னிரண்டு மணி வரும். மூன்றாவது இடத்துக்குப் போகவில்லை.

#16 கணக்குப்புள்ளி

நல்ல வேலை செய்தீர்கள். போட்டுப் பார்ப்போம்.

9,800-இல் 6 விழுக்காடு கழித்தால் 9,212. அதில் 1,500 பாதி விகிதம், எனவே 750 கழியும். மிச்சம் 8,462. 12,000-க்கு 145 என்றால் இதற்கு 102. சாலைச் செலவு 10 போனால் 92.

இனி நேரம். மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் ஓட்டுவதற்கு 163 மணி. 14 லோடு என்றால் ஏற்ற, இறக்க 28 நிறுத்தம், ஒவ்வொன்றும் இரண்டேகால் மணி என்றால் 63. வண்டி சோதனை, டீசல், டயர், காகிதம் எல்லாம் நாளுக்கு ஒரு மணி என்று 24. மொத்தம் 250 மணி நேரம்.

92-ஐ 250-ஆல் வகுத்தால் மணிக்கு 0.37. இரண்டாம் நிறுவனத்தில் மணிக்கு 0.48. வெளியில் தூங்கும் இரவுகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதற்கு என்ன விலை என்று பின்வாசல் அவர்களைக் கேளுங்கள்.

#17 முன்விளக்கு

ஒரு ஓட்டை இருக்கிறது உங்கள் கணக்கில். சராசரி ஆளுக்குச் சராசரிதான் வரும். நான் 11,500 ஓட்டுகிறேன்.

#18 கணக்குப்புள்ளி

சரிதான். 11,500-க்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. உங்கள் எண் என்னுடையதைவிட நன்றாக வரலாம்.

#19 தொட்டிவண்டி

முதல் நிறுவனத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. நெடுஞ்சாலை, மலைப்பாதை, மழை, எல்லாம் அங்கேதான் பழகும். நகருக்குள் ஓட்டுவது வேறு கலை. பின்னோக்கி எடுப்பதில் இரண்டாம் நிறுவனத்து ஆள் கெட்டிக்காரராவார். எங்கள் தேர்வில் அதற்கும் மதிப்பெண் உண்டு.

#20 புதுச்சக்கரம்

இரண்டாம் நிறுவனத்தில் திங்கட்கிழமை சேருகிறேன். வீட்டில் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். 145 எங்கே போயிற்று என்று அப்பா இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். இரண்டு ஆண்டு கழித்துத் தொட்டி வண்டிக்கு விண்ணப்பிப்பேன். அக்காவிடம் அப்போது தொந்தரவு செய்ய வருவேன். எல்லோருக்கும் நன்றி.

#21 முன்விளக்கு

வாழ்த்துகள் தம்பி. எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காத்திருப்புப் படிவம் என்று சொன்னீர்களே, அது எங்கள் நிறுவனத்திலும் இருக்குமா? எட்டு ஆண்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

#22 கணக்குப்புள்ளி

பெரும்பாலும் இருக்கும். சரக்குக்காரரிடமிருந்து காத்திருப்புக் கட்டணம் வாங்க நிறுவனத்துக்கே அது தேவை. வாங்குகிறார்களா, வாங்கினால் ஓட்டுநருக்குப் பங்கு வருகிறதா என்பது வேறு. கேட்கும்போது இதையும் கேளுங்கள்: இரண்டு மணி நேரம் வாயிலில் நுழைந்ததிலிருந்தா, சொன்ன நேரத்திலிருந்தா, மேடையில் நிறுத்தியதிலிருந்தா? வாயில் பதிவேட்டில் நேரம் எழுதிக் காவலரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். கையெழுத்து இல்லாத படிவத்தை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

#23 முன்விளக்கு

கேட்டேன். இருக்கிறது. பழைய டிரிப் சீட்டுக் கட்டுகளுக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தார்கள். நூறு தாள் கொண்ட கட்டு, ஓரம் பழுப்பேறிவிட்டது. ஒரு தாளும் கிழிக்கப்படவில்லை.